ஏரி என்று எழுதப்பட்ட கடல்

என் ராசாவுக்கு,

நீ சுகமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப் போவதில்லை. சுகமாகத்தான் இருக்கிறாய். நான் இதை எழுதும்போது நீ பக்கத்து அறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறாய். நான் வைத்த மிளகாய்த்தூள் பொதியை வெளியே எடுத்துப் போடும் சத்தம்கூட எனக்குக் கேட்கிறது. எடுத்துப் போடு. நீ குளிக்கப் போனதும் திரும்ப வைப்பேன். இந்தக் கடிதத்தையும் உன் கைப்பைக்குள் வைத்துவிடுவேன். விமானம் ஏறின பிறகுதான் இதைப் பிரிக்க வேண்டும் என்று உறையின் மேல் எழுதியிருக்கிறேன். சனிக்கிழமைகளில் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போன புண்ணியத்தில் உனக்குத் தமிழ் வாசிக்க வரும். ஆனால் எழுத்துக்கூட்டி, நத்தை ஊர்வது மாதிரித்தான் வாசிப்பாய். அதுவும் நல்லதுதான். சூரிச்சில் தொடங்கினால் அமெரிக்கா வருவதற்குள் முடித்துவிடுவாய். தமிழில் எழுதுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இதில் நீ என்னைத் திருத்த முடியாது.

திருத்துவதில் உன்னை மிஞ்ச ஆள் இல்லையே. இந்த நாட்டுக்கு வந்த நாள் தொட்டு எனக்கும் ஜெர்மன் மொழிக்கும் ஒரே சண்டை. வேலை செய்யும் அளவுக்கு, டாக்டரிடம் வருத்தத்தைச் சொல்லும் அளவுக்கு, பஸ்ஸில் இடித்துத் தள்ளுகிறவனைப் பேசும் அளவுக்கு எனக்கு அது வரும். ஆனால் அந்த ஆர்ட்டிக்கல்! ஒவ்வொரு சாமானின் பெயருக்கு முன்னாலும் டேர், டீ, டஸ் என்று ஒன்றைப் போட வேண்டும். கரண்டி ஆணாம், முள்ளுக்கரண்டி பெண்ணாம், கத்தி இரண்டும் இல்லையாம். யார் போய்ப் பார்த்தது? நான் வாயில் வந்ததைப் போட்டுவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். உனக்குப் பொறுக்காது. பாலர் பள்ளிக்குப் போகத் தொடங்கிய நாளில் இருந்தே எனக்கு வாத்தியார் நீதான். கடைக்காரிக்கு முன்னால், டாக்டருக்கு முன்னால், என் குளிர்கோட்டின் கையைப் பிடித்து இழுத்து, “ஆர்ட்டிக்கலோட சொல்லுங்கோ அம்மா” என்பாய். அந்தச் சின்ன முகத்தில் எவ்வளவு வெட்கம்! எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

ஒருநாள் சூரிச் ஏரிக்கரையால் போகும் ரயிலில் நாங்கள் இருவரும் இருந்தோம். உனக்கு நினைவிருக்கோ தெரியாது. எதிரில் ஒரு சுவிஸ் பெண். வெயில் அடித்து ஏரி மினுங்கிக்கொண்டிருந்தது. சும்மா முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்காமல் ஒரு வார்த்தை கதைப்போம் என்று, “வடிவு, டீ ஸே” என்று அவளுக்கு ஜெர்மனில் சொன்னேன். நீ காது வரைக்கும் சிவந்துபோனாய். “அம்மா! டேர் ஸே! டேர் ஸே எண்டால்தான் ஏரி. டீ ஸே எண்டால் கடல். சுவிஸில கடல் இல்லை!” ஒரே சொல், முன்னால் ஆண் நின்றால் ஏரி, பெண் நின்றால் கடல். பருத்தித்துறையில் கடல் இரைச்சலைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தவள் நான். “இவ்வளவு தண்ணி கிடக்கு. கடல் எண்டு சொன்னால் ஆருக்கு என்ன குறைஞ்சு போச்சு?” என்று கேட்டேன். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் விளங்கவில்லை, ஆனாலும் சிரித்தாள். எனக்கு அது நல்ல பகிடியாகப் பட்டது. அன்றில் இருந்து வேண்டுமென்றே எந்த ஏரியைக் கண்டாலும் டீ ஸே என்றுதான் சொன்னேன். நீ திருத்துவாய். நான் மாற்றமாட்டேன். எங்கள் வீட்டில் ஜெர்மன் வகுப்பு அப்படித்தான் நடந்தது.

அதற்காக நீ எப்போதும் விளங்கும்படி கதைத்தாய் என்று நினைக்காதே. பள்ளி முடிகிற காலத்தில் ஒருநாள், சாப்பாட்டு மேசையில் வைத்து, “நான் ரெஸ்டவ்ராட்டோர் ஆகப் போறன்” என்றாய். எனக்கு அந்தச் சொல்லின் முன்பாதி மட்டும்தான் காதில் விழுந்தது. அப்பா அப்போதுதான் வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார், பாடன் நகரில் அவர் வேலை செய்த உணவகத்துச் சமையலறையின் எண்ணெய் மணம் இன்னும் அவர் சட்டையில் இருந்தது. “இஞ்சாருங்கோ, கேட்டீங்களே? உங்கட பிள்ளை ரெஸ்டோரண்டுக்குப் போகப் போறானாம்!” என்று கத்தினேன். அப்பா ஒரு சப்பாத்தோடு அப்படியே நின்றார். “டேய், நான் வெங்காயம் உரிச்சது காணாதோ? நீயும் உரிக்கப் போறியோ?” என்று கேட்டார். நீ இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல நான் விடாமல் பேசினேன். இரவுச் சாப்பாடு ஆறிப்போனது. கடைசியில் நீ கைபேசியைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினாய்: வெள்ளை அங்கி போட்ட ஒரு பெண், ஒரு பழைய ஓவியத்தின் மேல் குனிந்து, பஞ்சால் எதையோ ஒற்றிக்கொண்டிருந்தாள். “பழைய படங்களைச் சுகப்படுத்துறவை அம்மா. அதுதான் ரெஸ்டவ்ராட்டோர்.” அப்பா மற்றச் சப்பாத்தையும் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை அட்லிஸ்வில் கோயிலில், பஞ்சாமிர்தம் வாங்க நின்ற வரிசையில், அவர் ஒருவரிடம் சொன்னதை நான் என் காதால் கேட்டேன்: “மகன் டாக்டருக்குத்தான் படிக்கப் போறான். படங்களுக்கு.”

பிறகு நீ பேர்னில் படிக்கப் போனாய், முதல் விடுமுறைக்கு வந்து எங்களைத் திடுக்கிட வைத்தாய். ஓவியத்தில் படிந்த அழுக்கை எதைக் கொண்டு துடைக்கிறது என்று அப்பா கேட்டார். “சில நேரம் எச்சில்தான் அப்பா. பஞ்சில தொட்டு மெதுவாத் துடைக்கவேணும். அதுக்கு அழுக்கைக் கரைக்கிற சக்தி இருக்கு” என்றாய். அப்பா பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டார். “எச்சிலோ! புத்தகத்தில கால் பட்டாலே தொட்டுக் கும்பிடுற சனமடா நாங்கள். நீ சரஸ்வதியின்ர முகத்தில துப்பவோ படிக்கிறாய்?” என்று நான் கேட்க, நீ தலையில் கைவைத்துக்கொண்டு, “துப்புறதில்லை அம்மா, துப்புறதில்லை” என்று கெஞ்சினாய். உலகத்துப் பெரிய அருங்காட்சியகங்களில் எல்லாம் அப்படித்தான் செய்கிறார்களாம். எங்கள் சொந்தக்காரர் யாருக்கும் இன்று வரைக்கும் நான் இதைச் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை யாருக்கும் வாசித்துக் காட்டினால் இந்த இடத்தை விட்டுவிட்டு வாசி.

சரி, படத்துக்கு வருகிறேன். நீ வேலைக்குச் சேர்ந்தது ஒரு சின்ன ஏரிக்கரை ஊரின் அருங்காட்சியகத்தில். நிரந்தர வேலை இல்லை. கட்டடத்தைத் திருத்துகிறார்கள், அதற்கு முன்னால் அங்குள்ள பழைய படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து நிலைமை எழுதித் தர வேண்டும், அவ்வளவுதான். அங்கே மாடிப்படியில், கழிப்பறைக்குப் போகிற வழியில் அந்தப் படம் தொங்கியது. கற்பாறைக் கரை, பாறையில் அடித்து உடைகிற அலை, விடிகாலை வெளிச்சம், தூரத்தில் நீல மலைத்தொடர். கீழே பித்தளைத் தகட்டில் ‘டேர் ஸே’ என்று பெயர். ஏரி. வரைந்தவர் யாரென்று தெரியாது என்றும் எழுதியிருந்தது. அந்த ஊர்ச்சனத்துக்கு அந்தப் படம் உயிர். தங்கள் ஏரி என்று கல்யாண அழைப்பிதழ்களில்கூட அதை அச்சடிப்பார்களாம். உனக்கு மட்டும் அது கண்ணில் உறுத்தியது. பாறைகளின் அடியில் ஈரம் பிடித்த கறுப்புப் பட்டை ஒன்று அகலமாக ஓடுகிறது. அதற்கு மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள், பாறையில் ஒட்டி வளரும் சிப்பிகள் போல. ஏரியில் தினமும் தண்ணீர் ஏறி வற்றுவதில்லையே, இந்தப் பட்டை எங்கிருந்து வந்தது? உன் ஷெஃபினிடம் கேட்டாய். பெண் முதலாளியை இங்கே அப்படித்தான் சொல்வோம், அமெரிக்காவில் போய் அப்படிச் சொல்லிவிடாதே, அங்கே அவர்களுக்கு விளங்காது. “ஓவியனின் கற்பனை” என்று அவர் ஒரு சொல்லில் முடித்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டுக்கு வந்தாய். நான் இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தேன். கைபேசியில் அந்தப் படத்தை என் மூக்குக்கு முன்னால் நீட்டி, “அம்மா, நீங்கள் கடற்கரையில வளர்ந்தனீங்கள்தானே. வடிவாப் பார்த்துச் சொல்லுங்கோ, இது என்ன?” என்றாய். நான் என்ன செய்தேன்? மலையைப் பார்த்தேன். மலை இருந்தால் ஏரிதான், அதில் யோசிக்க என்ன இருக்கிறது? அடுப்பைப் பார்த்துக்கொண்டே, “வடிவான டீ ஸே” என்றேன். வழக்கம்போலத்தான் சொன்னேன். ஏரி என்று நினைத்துத்தான் சொன்னேன். அதை நான் ஒருநாளும் மறைக்கமாட்டேன், கடலைப் பார்த்து வளர்ந்தவளுக்குக் கடல் தெரியவில்லை.

நீ திருத்துவதற்கு வாயைத் திறந்தாய். திறந்த வாய் திறந்தபடியே நின்றது. எனக்குப் பயமாகப் போய்விட்டது. “என்னடா, பல்லு வலியோ?”

“அம்மா, இன்னொருக்காச் சொல்லுங்கோ.”

“எதை?”

“இப்ப சொன்னதை.”

“டீ ஸே. டேர் ஸே. என்னவோ ஒரு ஸே. இடியப்பம் ஆறப்போகுது, கையைக் கழுவு.”

நீ கையைக் கழுவவில்லை. சமையலறைக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாக நடந்தாய். அந்தப் படத்தை ஊருக்குக் கொடுத்தது ஓர் அமெரிக்கப் பெண். முந்தின காலத்தில் அந்த ஊர் ஆள் ஒருவரைக் கல்யாணம் முடித்துக்கொண்டு வந்தவள். இது அங்கே எல்லாருக்கும் தெரிந்த கதை. “அம்மா, அவவும் வெளிநாட்டுக்காரிதானே! உங்களை மாதிரித்தானே ஜெர்மன் கதைச்சிருப்பா! இங்கிலிஷில கடலுக்கு ‘சீ’. இஞ்ச வந்து ‘ஸே’ எண்டு சொல்லியிருப்பா, முன்னால டேர் வருமோ டீ வருமோ எண்டு தெரியாமல் டேர் எண்டு போட்டிருப்பா! கேட்டவன் ஏரி எண்டு எழுதிப்போட்டான்!” என்று கத்தினாய். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். அந்த ஊரில் எத்தனை படித்த மனிதர்கள் அந்தத் தகட்டைத் தாண்டிக் கழிப்பறைக்குப் போயிருப்பார்கள். அவர்கள் ஒருவருக்கும் இது தோன்றாது, ராசா. ஏனென்றால் அவர்களின் தாய்மார் ஒருவரும் ஆர்ட்டிக்கலைப் பிழையாகச் சொன்னதில்லை. உனக்குத் தோன்றியது, ஏனென்றால் உன் அம்மா நான். இதை எழுதும்போது எனக்கு வருகிற பெருமையை எந்தப் பாத்திரத்தில் அள்ளி வைப்பது என்று தெரியவில்லை.

“அப்ப அந்த மலை?” என்று அப்பா கேட்டார். அவர்தான் எப்போதும் சரியான கேள்வியைக் கேட்கிறவர். நீ சொன்னாய், அது பிறகு யாரோ வைத்த மலையாக இருக்கும் என்று. ஏரி என்று பெயர் எழுதியாயிற்று. ஏரிக்கு எதிர்க்கரை எங்கே, மலை எங்கே என்று பார்க்கிறவர்கள் கேட்டிருப்பார்கள். யாரோ ஒரு நல்ல மனிதர் தூரிகையை எடுத்து அந்தக் குறையைத் தீர்த்துவிட்டார். எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வந்தது. ஆர்ட்டிக்கலுக்குப் பொருந்தும்படி ஒரு கடலையே திருத்திய ஊர்! நான் எவ்வளவோ மேல், நான் சொல்லை மட்டும்தான் பிழையாகச் சொன்னேன்.

அடுத்த கிழமை நீ அந்தப் படத்தை உருப்பெருக்கிக்குக் கீழே வைத்தாய். பழைய எண்ணெய் ஓவியங்கள் காய்ந்து காய்ந்து மயிரிழை மாதிரி வெடிக்கும் என்று எனக்கு விளங்கப்படுத்தினாய். மலையின் நீல நிறம் அந்த வெடிப்புகளுக்குள் இறங்கி உறைந்திருந்தது. படம் கிழடான பிறகுதான் மலை வந்தது என்பதற்கு அதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? ஆனால் உன் ஷெஃபின் லேசுப்பட்ட ஆள் இல்லை. நல்ல மனுஷி, நியாயமான மனுஷி, அதனால்தான் அவரை அசைக்க முடியவில்லை. “மலை பிறகு வந்தது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அதற்குக் கீழே ஓவியம் சேதமாகிப் போயிருக்கலாம். அந்தப் புண்ணை மறைக்கத்தான் மலை வைத்திருக்கலாம். நீங்கள் மலையை எடுத்து, கீழே ஒன்றும் இல்லாவிட்டால், ஊரின் ஏரியும் போகும், கடலும் வராது. எடுத்த மலையைத் திரும்ப வைக்கவும் முடியாது” என்று சொன்னாராம். நிர்வாகக் குழு கூடியது. குழுவில் பாதிப்பேர் அந்தப் படத்தைத் தங்கள் கல்யாண அழைப்பிதழில் அச்சடித்தவர்கள். கடைசியில் ஒரு விரல் நகம் அளவு இடம் மட்டும் திறந்து பார்க்க அனுமதி தந்தார்கள். கீழே ஒன்றும் இல்லையென்றால் அந்த விரல் நகத்தோடு உன் பெயரும் போய்விடும். இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் கொஞ்சப்பேர், ஒருவன் பிழைவிட்டால் எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று நீயே சொன்னாய். உன் முகம் காய்ச்சல்காரன் முகம் மாதிரி இருந்தது.

அப்பா பயந்துவிட்டார். “வந்த நாட்டில மலையில கை வைக்காதேயடா. எங்களுக்குக் கோயில் எப்பிடியோ, இவையளுக்கு மலை அப்பிடி. வேற எதையாவது துடை” என்றார். அவர் பயந்ததில் பிழை இல்லை. தலையைக் குனிந்து, சத்தம் போடாமல் உழைத்துத்தான் எங்களுக்கு ஒரு வீடு அமைத்தார். ஆனால் எனக்கு வந்ததே கோபம்! “ஏன் கை வைக்கக்கூடாது? பிழையெண்டால் பிழை. நான் இந்த நாட்டில வாயைத் திறந்த நாளில இருந்து பிழையாத்தான் கதைக்கிறன், செத்தோ போனன்? வாயை மூடிக்கொண்டிருந்திருந்தால் இவனுக்கு இந்த யோசனை வந்திருக்குமோ? கேளுங்கோ பார்ப்பம்!” என்று அவர் மேல் பாய்ந்தேன். அப்பா என்னைப் பார்த்து, “நீர் கதைச்சால் நான் என்னத்தைச் சொல்லுறது” என்றுவிட்டுத் தேநீர் போடப் போனார். நீ சிரித்தாய். அந்தக் கிழமை முழுக்க நீ சிரித்தது அந்த ஒருதரம்தான். உனக்கு நான் சொல்ல நினைக்கிற புத்தி எல்லாம் அன்றைக்கு அப்பாவைப் பேசினதிலேயே இருக்கிறது. அங்கே போய் அவர்களின் இங்கிலிஷைப் பார்த்து மிரண்டு வாயை மூடிக்கொண்டு இருந்துவிடாதே. தெரிந்ததைச் சத்தமாகச் சொல். பிழைத்தால் யாராவது ஒரு பிள்ளை கோட்டைப் பிடித்து இழுத்துத் திருத்தும்.

நீ அந்த இடத்தைத் திறந்த நாளில் நான் முதியோர் இல்லத்தில் மத்தியானச் சாப்பாட்டு வேலையில் நின்றேன். கைபேசி எடுக்கக்கூடாது என்பது சட்டம். ஆனால் அன்றைக்கு அதை மேலங்கிப் பைக்குள் போட்டுவைத்திருந்தேன், அது பூனைக்குட்டி மாதிரித் துடித்தது. சூப் அகப்பையை ஒரு கையில் பிடித்தபடியே எடுத்தேன்.

“அம்மா, தண்ணி!”

“ஐயோ கடவுளே, குழாய் உடைஞ்சு போச்சோ?”

“இல்லையம்மா! மலைக்குக் கீழ தண்ணி! நல்லா இருக்கு, ஒரு சேதமும் இல்லை! கடல் அம்மா, கடல்! அங்கால கரையே இல்லை!”

நான் போட்ட கூக்குரலில் எல்லா மேசையும் திரும்பிப் பார்த்தது. கண்ணீரும் வந்துவிட்டது, சிரிப்பும் வந்துவிட்டது, அகப்பையில் இருந்த சூப் என் சப்பாத்தின் மேல் கொட்டிவிட்டது. முன்மேசையில் இருந்த மூதாட்டி கைகளைச் சேர்த்து, “பேரப்பிள்ளை பிறந்திருக்கிறதா?” என்று கேட்டார். “இல்லை, கடல்!” என்றேன். “டீ ஸே!” அவர்களுக்கு என்ன விளங்கியதோ, ஒருவர் கைதட்டினார், பிறகு எல்லாரும் தட்டினார்கள். எனக்கு அந்த இல்லத்தில் கிடைத்த முதல் கைதட்டல். அதற்காக எனக்கு மேலாளர் பேசியதையும் நான் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

விரல் நகம் கை அகலமானது, கை அகலம் முழுத் தொடுவானமானது. மாதக்கணக்கில் நீ பஞ்சும் சின்னக் கத்தியுமாக அந்த மலையைத் துண்டு துண்டாக இறக்கினாய். எச்சிலால் துடைக்கும் மலை இல்லை அது, நல்லவேளை. மலையின் நடுச்சிகரத்துக்குக் கீழே இருந்து, நீ எதிர்பாராமல், பாய் விரித்த ஒரு கப்பல் வந்தது. அரிசிமணி அளவுதான். அதன் அடிப்பாகம் தொடுவானத்துக்கு அப்பால் மறைந்து, பாய் மட்டும் தெரிந்தது. அன்றைக்கு உன் ஷெஃபின் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, உன்னைப் பிடித்து இந்த நாட்டு வழக்கப்படி மூன்று முத்தம் கொடுத்தாராம். கடைசி முத்தத்துக்கு நீ எந்தக் கன்னத்தைக் கொடுப்பது என்று தெரியாமல் மூக்கைக் கொடுத்ததாகக் கேள்வி.

வரைந்தவர் யார் என்று கண்டுபிடித்ததும் ஒரு நல்ல கதை. திறந்த படத்தின் புகைப்படத்தை அமெரிக்காவில் உள்ள ஓர் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினாய். அவர்கள் கப்பலைப் பார்க்கவில்லை, வெளிச்சத்தைப் பார்க்கவில்லை, பாறையைப் பார்த்தார்களாம். நடுவில் பிளந்து, ஒருபக்கம் சரிந்து அவர்களின் கடற்கரையில் நிற்கிற அந்தப் பாறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓர் அமெரிக்க ஓவியர் மழையிலும் பனியிலும் போய் உட்கார்ந்து திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார். கண்ணுக்குத் தெரிந்ததைத் தவிர ஒன்றையும் வரையாத ஆள். அவருக்குக் கற்பனை இல்லை என்று அந்தக் காலத்திலேயே நக்கல் அடித்திருக்கிறார்கள், கல்லை எண்ணி எண்ணி வைக்கிறார் என்று. பாறை இன்றைக்கும் அதே கரையில், அதே பிளவோடு நிற்கிறது. இன்றைய புகைப்படத்தையும் படத்தையும் பக்கத்தில் வைத்து நீ எனக்குக் காட்டியபோது எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. ஈரப் பட்டையும் அப்படியே, சிப்பியும் அப்படியே. அவர் தன் வசதிக்கு ஒரு கல்லை அங்கே இங்கே நகர்த்தியிருந்தால், இரண்டு சிப்பியைச் சோம்பலில் விட்டிருந்தால், அந்தப் படம் கழிப்பறைக்குப் போகிற வழியில் ஏரியாகவே செத்திருக்கும். உலகம் அவர் கடலுக்கு மலை வைத்து மூடியது. அவர் அடியில் வைத்த சிப்பி ஒட்டிக்கொண்டே இருந்தது. நீயும் உள்ளதை உள்ளபடி செய்கிறவன். அதைக் குறை என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்பு.

திறப்பு விழாவுக்கு நான் நாவல் நிறக் காஞ்சிபுரம் கட்டிக்கொண்டு வந்தேன். அப்பா கோட் போட்டு, கழுத்துப்பட்டியை உன்னைக் கொண்டு கட்டுவித்தார். மாடிப்படியில் இருந்த படம் இப்போது பெரிய மண்டபத்தில், தனிச் சுவரில், தனி விளக்கில். துணியை இழுத்தார்கள். மலை இல்லை. எதிர்க்கரை இல்லை. தண்ணீர் போய்க்கொண்டே இருக்கிறது. ஒரு கிழவர் மட்டும், “எங்கள் ஏரி போய்விட்டது” என்று முணுமுணுத்தார். அப்பா அவரின் தோளில் கைவைத்து, தன் உடைந்த ஜெர்மனில், “ஏரி வெளியே இருக்கிறது, ஜன்னலால் தெரிகிறது. இந்த ஊருக்கு இப்போது கடலும் இருக்கிறது” என்றார். மலையில் கை வைக்காதே என்று சொன்ன அதே அப்பாதான்! கிழவர் ஜன்னலையும் பார்த்தார், படத்தையும் பார்த்தார், பிறகு தலையை ஆட்டினார்.

அப்போதுதான் உன் ஷெஃபின் மேடையில் இருந்து, இந்தக் கண்டுபிடிப்பு ஒரு சமையலறையில் தொடங்கியது என்று சொல்லி, என்னைக் கைகாட்டி எழும்பச் சொன்னார். நான் எழும்பினேன். அவ்வளவு சுவிஸ் சனமும் என்னைப் பார்த்தது. நீ முதல் வரிசையில் இருந்து திரும்பி என்னைப் பார்த்தாய், உன் முகத்தில் பாலர் பள்ளிக்காலத்துப் பயம் இருந்தது. அம்மா என்ன ஆர்ட்டிக்கலைப் போடப் போகிறாவோ என்று. சுவரில் புதுப் பித்தளைத் தகடு. அதில் அந்த அமெரிக்கரின் பெயரும், மேலே ‘டீ ஸே’ என்றும் இருந்தது. நான் அதைக் கையால் காட்டி, என் ஜெர்மனில், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்:

“நான் எப்பவும் டீ ஸே என்றுதான் சொல்லி வருகிறேன்.”

மண்டபம் இடிந்து விழுந்தது மாதிரிச் சிரிப்பும் கைதட்டலும். நீ எழும்பி நின்று தட்டினாய், ராசா. இவ்வளவு காலமும் என்னைத் திருத்திய கைகள்தான் எல்லாரிலும் பலமாகத் தட்டின. எனக்கு வேறு ஒரு விழாவும் வேண்டாம்.

இப்போது அந்தப் படம் தான் பிறந்த கரைக்கு, அங்குள்ள அருங்காட்சியகத்துக்கு இரவலாகப் போகிறது. அதைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கவும், அங்கேயே இரண்டு வருஷம் வேலை செய்யவும் உன்னைக் கேட்டிருக்கிறார்கள். கழிப்பறை வழியில் கிடந்த படமும் பஞ்சைப் பிடித்த என் பிள்ளையும் ஒன்றாக விமானத்தில் போகிறார்கள். ஒன்று சரக்குப் பெட்டியில், மற்றது ஜன்னல் ஓரத்தில். ஜன்னல் ஓரம் கேட்டு வாங்கச் சொல்லி நான் உன்னை மூன்று நாளாக நச்சரித்தது ஏன் என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். இதற்காகத்தான். நீ வாசிக்கிற வேகத்துக்கு, இந்த வரிக்கு வரும்போது விமானம் கரையைத் தாண்டி நெடுநேரம் ஆகியிருக்கும்.

கடிதத்தை மடியில் வை. ஜன்னல் மூடியைத் தூக்கு. குனிந்து நல்லாய்ப் பார். அங்கால ஒரு கரையும் இல்லை, ஒரு மலையும் இல்லை.

இது என்னடா, ராசா? சத்தமாகச் சொல். பக்கத்தில் இருக்கிறவர்கள் பார்த்தால் பார்க்கட்டும். ஆர்ட்டிக்கலோட சொல்லு.

அம்மா